மட்டக்களப்பிற் கண்ணகி அம்மன் குளிர்த்தி

வைகாசி மாதம் பிறந்ததும் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலுமுள்ள தமிழ் ஊர்களில் ஒரு மாற்றம் புலப்படத் தொடங்கும். கச்சான் காற்று வெம்மையுடன் வீசுகின்ற காலம் அது. பெரும்போக நெல் அறுவடையாகி வீடு சேர்ந்திருக்கும்; குளங்களில் நீர் குறைந்துகொண்டு வரும்; வடகீழ்ப் பருவமழைக்கோ இன்னும் பல மாதங்கள் இருக்கும். அவ்வேளையிலேதான், ஆண்டின் பெரும்பகுதியும் அடைத்துக் கிடக்கும் கண்ணகி அம்மன் கோயில்களின் கதவுகள் திறக்கப்படுகின்றன. வீடு வாசல்கள் துப்புரவு செய்யப்படுகின்றன. மீனும் இறைச்சியும் அடுக்களைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. பிற ஊர்களில் மணஞ்செய்து மனைவியின் ஊரிலே குடியேறிவிட்ட ஆண்மக்களும், கொழும்பிலும் வெளிநாடுகளிலும் தொழில் புரிவோரும் தாயின் ஊரை நோக்கித் திரும்புகின்றனர். இவ்வாறு பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்து கூடுவது ஒரு குளிர்த்தியைக் காண்பதற்காகவே.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதற்குக் கிழக்கே, வாவிக்கும் கடலுக்கும் இடையில் அமைந்த நெடிய மணல் நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயலுங் காடுஞ் சார்ந்த நிலத்தைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். ஞாயிறு எழுகின்ற கரை ஒன்று. படுகின்ற கரை மற்றொன்று. இவ்விரு கரைகளிலும், இவற்றுக்குத் தெற்கே நீண்டு கிடக்கும் கடலோர ஊர்களிலும் கண்ணகிக்குக் கோயில்கள் உள்ளன. வந்தாறுமூலை, கன்னன்குடா, புதுக்குடியிருப்பு, செட்டிபாளையம், மகிழூர், காரைதீவு, தம்பிலுவில், பட்டிமேடு என்பன அவற்றுட் சில. இவற்றுட் கடைசி மூன்றும், 1961 இல் அம்பாறை மாவட்டம் வகுக்கப்பட்ட பின்னர், நிருவாகத்தால் வேறு மாவட்டத்தைச் சேர்ந்தனவாயின. ஆயினும் வழிபாட்டு மரபினால் அவை இன்றும் மட்டக்களப்புத் தமிழகத்தின் பகுதிகளாகவே விளங்குகின்றன.

இவ்வூர்களிலே மக்கள் இதனைத் திருவிழா என்று கூறுவதிலும் பார்க்கச் சடங்கு என்று கூறுவதே வழக்கம். ஊருக்கு ஊர் நாளிலும் முறையிலும் சிறு வேறுபாடுகள் இருப்பினும், சடங்கின் பொதுவான போக்கு ஒன்றே. வைகாசிப் பூரணையை ஒட்டிய ஒரு நாளிற் கதவு திறக்கப்படும். பின்னர், ஒரு மரக்கிளையை முறைப்படி வெட்டி ஊர்வலமாகக் கொணர்ந்து, கோயில் முன்றிலில் நாட்டிப் பட்டு உடுத்துவர். இது கலியாணக்கால் நடுதல் எனப்படும். கண்ணகிக்கும் கோவலனுக்கும் நிகழ்ந்த திருமணத்தை ஊரார் தம் கண்முன்னே மீண்டும் நிகழ்த்திக் கொள்ளும் முறை அது. அம்மனுக்குரிய நெல்லை உரலிலிட்டுக் குத்தும் சடங்கும் உண்டு. அப்போது பெண்கள் எழுப்பும் குரவை ஒலி நெடுந்தூரங் கேட்கும். இவ்வாறு பல நாட்கள் நடைபெறும் சடங்கு, குளிர்த்தி எனப்படும் இறுதி இரவிலே முடிவெய்தும்.

பூசகரைக் கப்புகனார் என்றும் கட்டாடியார் என்றும் அழைப்பர். கோயிலின் உடைமையையும் ஒழுங்கையுங் கவனிப்போர் வண்ணக்கர் எனப்படுவர். மட்டக்களப்புச் சமூகம் தாய்வழிக் குடி முறையை உடையது. பிள்ளை தன் தாயின் குடியையே சேரும். கோயிற் சடங்கின் ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு குடிக்கு உரியதாகப் பிரித்து வைக்கப்பட்டிருத்தலைப் பல ஊர்களிற் காணலாம். எனவே, ஒருவர் சடங்கிற் பங்கு கொள்ளும்போது, அம்மனுக்கு மட்டுமன்றித் தம் தாயின் வழிக்கும் கடன் ஆற்றுகின்றவராகின்றார். பெண்வழியே உரிமை செல்லும் ஒரு சமூகத்தில், பெண்ணொருத்தி நீதி கேட்ட கதை தெய்வ வழிபாடாக நிலைத்து நிற்பது பொருத்தமுடையதே.

இங்கு ஒரு கேள்வி எழுகின்றது. கண்ணகி என்றவுடன் தமிழர் நெஞ்சில் எழும் காட்சி மதுரையை எரித்த காட்சியாகும். சென்னைக் கடற்கரையில் 1968 ஆம் ஆண்டு, இரண்டாவது உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட கண்ணகி சிலையும் ஒற்றைச் சிலம்பைக் கையிலேந்திச் சினந்து நிற்கும் தோற்றத்தையே காட்டுகின்றது. அவ்வாறிருக்க, மட்டக்களப்பு மக்கள் தம் விழாவுக்கு எரித்தலின் பெயரை இடாது, குளிர்த்தலின் பெயரை இட்டது ஏன்? தீயின் தலைவியை நீரால் வழிபடும் முறை எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை காணச் சிலப்பதிகாரத்தின் முடிவையும், மட்டக்களப்பில் வழங்கும் கதையின் முடிவையும் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். இளங்கோவடிகள் கூறும் கதை யாவரும் அறிந்தது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகனான கோவலன், மாதவிபாற் சென்று பொருளிழந்து மீள்கின்றான். மனைவி கண்ணகியின் சிலம்பொன்றை விற்றுப் புதுவாழ்வு தொடங்க மதுரைக்குச் செல்கின்றான். அரண்மனைப் பொற்கொல்லனின் வஞ்சகத்தால் அரசியின் சிலம்பைத் திருடிய கள்வனெனக் கருதப்பட்டு, ஆராயாது கொல்லப்படுகின்றான். கண்ணகி அரசவையேறி வழக்குரைத்து, தன் சிலம்பை உடைத்துக் காட்டி, அதன் பரல் மாணிக்கமென நிறுவுகின்றாள். அரசியின் சிலம்பிலோ முத்தே பரலாக இருந்தது. தவற்றை உணர்ந்த பாண்டியன் உயிர் துறக்கின்றான், மதுரை எரிகின்றது. அதன்பின் கண்ணகி தன்னந்தனியே மேற்றிசை நோக்கி நடந்து, சேரநாட்டு மலையில் வேங்கை மர நிழலில் நிற்கின்றாள். பதினான்கு நாட்கள் கழிந்தபின் கோவலனுடன் விண்ணுலகஞ் செல்கின்றாள்.

மட்டக்களப்பிற் சடங்குக் காலத்திற் படிக்கப்பெறும் நூல் கண்ணகி வழக்குரை என்பதாகும். அதன் தொடக்கமும் முடிவும் காப்பியத்தினின்றும் வேறுபட்டவை. அந்நூலிற் கண்ணகி பாண்டியனின் மாஞ்சோலையில் ஒரு மாங்கனியிலிருந்து தோன்றுகின்றாள். இக்குழந்தையால் நாட்டுக்குக் கேடு விளையுமென்று அஞ்சி அவளைப் பேழையிலிட்டுக் கடலில் விடுகின்றனர். பேழை காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கையிற் சேர்கின்றது. ஆகவே பாண்டியனின் அவைக்கு நீதி கேட்டு வருபவள், முன்னர் அவனது நாட்டாலேயே கைவிடப்பட்ட மகளாவாள். சிலம்புக்கு வேண்டிய நாகமணியை நாடி மீகாமன் கப்பலோட்டிச் செல்வதும், வெடியரசனோடு போர் புரிவதும் கடலோட்டு காதையில் விரிவாகக் கூறப்படும். கடலை அண்டி வாழும் மக்கள் இப்பகுதியை மிகவும் விரும்பிக் கேட்பர். கலியாணம், மாதவியின் அரங்கேற்றம், வழிநடை, அடைக்கலம், கொலைக்களம், வழக்குரைத்தல் எனக் கதை தொடர்ந்து செல்கின்றது.

முடிவிலேதான் பெரிய வேறுபாடு உள்ளது. வழக்குரையிற் கண்ணகி தனியே மலை நோக்கிச் சென்று மறைவதில்லை. மதுரையை எரித்த சினம் ஆறாதவளாய் அவள் இடையர் சேரியை அடைகின்றாள். அங்குள்ள இடைச்சியர் அவளது வெம்மையைக் கண்டு விலகி ஓடவில்லை. பாலும் தயிரும் வெண்ணெயும் கொண்டு அவளைக் குளிர்விக்கின்றனர். நூலின் இறுதிப் பகுதியாகிய குளிர்ச்சிக் காதை இதனையே பாடுகின்றது. அரசனால் இழைக்கப்பட்ட தீங்கின் வெம்மையை ஆற்றும் பணியைச் செய்தவர்கள் மாடு மேய்த்து வாழும் எளிய பெண்கள். வைகாசிக் குளிர்த்தி இரவில் மட்டக்களப்பு ஊரவர் ஏற்றுக்கொள்வது அந்தப் பெண்களின் இடத்தையே.

இந்நூலைப் படிக்கும் முறையும் கருதத் தக்கது. கோயில் மண்டபத்தில் விளக்கேற்றி, பயிற்சியுடைய முதியவரொருவர் ஏட்டையோ அதன் படியையோ முன்வைத்து இராகத்துடன் படிப்பார். மற்றொருவர் துணை நின்று பிழைபடாமல் ஒத்துப் பார்ப்பதும் உண்டு. ஒவ்வோர் இரவும் ஒரு பகுதியென ஊரார் கதையைக் கேட்டு வருவர். கதை அவர்களுக்குப் புதியதன்று. குழந்தைப் பருவந்தொட்டுக் கேட்டதே. எனினும் கொலைக்களப் பகுதி படிக்கப்படும்போது கண்ணீர் வடிப்போர் பலர். வழக்குரைக்கும் பகுதி வரும்போது மண்டபமே நிமிர்ந்து அமரும். இந்நூலோடு, ஊர்தோறும் அம்மன் மீது பாடப்பெற்ற காவியங்களும், மழை வேண்டிப் பாடும் மழைக்காவியங்களும், உடுக்கின் தாளத்துக்கு இசைந்த சிந்துகளும், குளிர்த்திப் பாடல்களும் வழங்குகின்றன. அவற்றுட் பல, பாடியவர் பெயர் அறியப்படாதவை. கேட்டோர் நாவினாலும் ஏட்டெழுதியோர் கையினாலும் காக்கப்பட்டவை.

குளிர்த்தி இரவில் ஊர் முழுவதும் கோயிலிலே இருக்கும். பூவும் வேப்பிலையும் கமுகம்பாளையும் கொண்டு கோயில் அழகு செய்யப்படும். நீருடன் பால், இளநீர், மஞ்சள் முதலான குளிர்மைதரும் பொருள்கள் கலத்திற் சேர்க்கப்படும். குளிர்த்திப் பாடல் ஒலிக்க, பூசகர் வேப்பிலைக் கொத்தால் அந்நீரை முகந்து அம்மனுக்குத் தெளிப்பார். அம்மனுக்குரிய சிலம்பும் பிரம்பும் அவ்வேளையில் மக்கள் பார்வைக்கு வரும். குரவையொலியும் பறையொலியும் ஒன்றாகும். அம்மனைக் குளிர்வித்த நீரே பின்னர் மக்கள்மீது தெளிக்கப்படும். அதனைத் தலையில் ஏற்பதற்காகத் தாய்மார் உறங்கும் குழந்தைகளையும் எழுப்பித் தோளிற் சுமந்து முன்னே நெருங்குவர். நோயாளர் வீட்டுக்கு அந்நீரைக் கலத்தில் எடுத்துச் செல்வோரும் உளர். அம்மன் குளிர்ந்தால் ஊர் குளிரும் என்பது அவர்களது நம்பிக்கை.

இந்நம்பிக்கைக்கு மக்களின் பழைய வாழ்க்கை அநுபவம் அடிப்படையாகும். வெப்பம் மிகுந்த மாதங்களில் அம்மை, கொப்புளிப்பான், சின்னமுத்து முதலிய நோய்கள் பரவுதலை அவர்கள் கண்டிருந்தனர். அந்நோயை அம்மாள் வருத்தம் என்றே கூறினர். நோயுற்றவரைத் தனித்திருக்கச் செய்தல், வேப்பிலையைப் பரப்புதல், வீட்டைத் தூய்மையாக வைத்தல், வெம்மை தரும் உணவை நீக்குதல் ஆகியன வழிபாட்டின் பகுதிகளாயின. சிலப்பதிகாரமும் மதுரை எரியுண்டபின் பாண்டிநாடு மழைவளம் இழந்து வெப்பு நோயால் வாடியதென்றும், கண்ணகிக்கு விழா எடுத்தபின் மழை பொழிந்து நோய் நீங்கிற்றென்றும் கூறுகின்றது. இன்று பெரியம்மை உலகிலே இல்லை. தடுப்பூசியின் பயனாக அது முற்றாக ஒழிக்கப்பட்டதென உலக சுகாதார நிறுவனம் 1980 இல் அறிவித்தது. குளிர்த்தி நீரைத் தலையில் ஏற்கும் தாய் தன் குழந்தைக்கு உரிய காலத்திலே தடுப்பூசியும் போடுகின்றாள். இரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாக அவள் எண்ணுவதில்லை. அம்மை நோயின் அச்சம் மறைந்த பின்னரும் குளிர்த்தி மறையாதிருப்பதே, அச்சவழிபாடு என்ற பெயரில் இதனை அடக்கிவிட முடியாது என்பதற்குச் சான்றாகும்.

சடங்கின் ஒழுங்கை உற்றுநோக்கினால் அதன் உட்பொருள் புலப்படும். கதவு திறந்த அன்றே குளிர்த்தி செய்யப்படுவதில்லை. முதலில் அம்மனின் கதை முழுவதும் படிக்கப்படல் வேண்டும். அவள் பிறந்ததும், கைவிடப்பட்டதும், மணந்ததும், இழந்ததும், அவைக்குச் சென்று கேட்டதும் ஆகிய யாவற்றையும் ஊர் அமர்ந்திருந்து கேட்டல் வேண்டும். அவளது வழக்கு நியாயமானதென்று ஊர் உணர்ந்த பின்னரே குளிர்த்தும் நீருக்குப் பொருள் உண்டாகின்றது. அவளுடைய சினம் தவறென்று எவரும் கூறுவதில்லை. அதனை அடக்குமாறு அவளைக் கேட்பதுமில்லை. வழக்கைக் கேட்டவர்களே அவளது வெம்மையைத் தணிக்கும் உரிமையைப் பெறுகின்றனர். மட்டக்களப்பு மக்கள் நூலுக்கு வழக்குரை என்றும் விழாவுக்குக் குளிர்த்தி என்றும் பெயரிட்டு, இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தமை ஆழ்ந்த அறிவின் விளைவாகும்.

இவ்வழிபாடு இலங்கைக்கு வந்த வரலாறு பற்றிப் பல கருத்துகள் உள்ளன. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை வேந்தன் கயவாகுவும் உடனிருந்தான் எனச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் ஆண்ட முதலாம் கஜபாகுவே இவனென்பது பலரின் முடிபு. பழைய மகாவமிசம் இம்மன்னனைப் பற்றிக் கூறுமிடத்துப் பத்தினி வழிபாட்டைக் குறிப்பிடவில்லை. பிற்காலத்துச் சிங்கள நூலாகிய இராஜாவலியவோ, அவன் சோழநாட்டிலிருந்து பத்தினி தெய்வத்தின் சிலம்பைக் கொணர்ந்தான் என்கின்றது. இவ்வழிபாட்டை விரிவாக ஆராய்ந்து 1984 இற் பெருநூல் வெளியிட்ட பேராசிரியர் கணநாத் ஒபயசேகர, கஜபாகு கதையை வரலாற்று நிகழ்ச்சியாக அன்றி, தென்னிந்தியாவிலிருந்து மக்கள் வந்து குடியேறியதை விளக்க எழுந்த பழங்கதையாகக் கொள்வர். எவ்வாறாயினும், கடலைக் கடந்து வந்த ஒரு தெய்வம் இரு மொழி பேசும் மக்களுக்கும் தாயானாள் என்பதில் ஐயமில்லை.

சிங்கள மக்கள் அவளைப் பத்தினி தெய்யோ என வணங்குகின்றனர். கண்டி நகரின் நான்கு தேவாலயங்களுள் ஒன்று பத்தினிக்கு உரியது. ஆண்டுதோறும் நடைபெறும் எசல பெரஹராவில் அதன் ஊர்வலமும் இடம்பெறும். கொழும்புக்கு அண்மையிலுள்ள நவகமுவையிலும் புகழ்பெற்ற பத்தினி தேவாலயம் உண்டு. சிங்களத் தேவாலயப் பூசகர் கப்புறாளை எனப்படுவார்; மட்டக்களப்பிற் கப்புகனார் என்னுஞ் சொல் அதனோடு உறவுடையது. விளையாட்டிலும் இவ்வுறவு தொடர்கின்றது. மட்டக்களப்பில் அம்மனுக்காக ஆடப்பட்டு வந்த கொம்புமுறி விளையாட்டில் ஊரார் வடசேரி, தென்சேரி என இரு பிரிவாவர். வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரு மரக் கொம்புகளை ஒன்றுடன் ஒன்று கொளுவி, கயிறு கட்டி, ஒன்று முறியும்வரை இரு பக்கத்தாரும் இழுப்பர். தோற்றவரை வென்றவர் பாட்டாற் பழிப்பர். நோய் நீங்கவும் மழை பெய்யவும் இதனை ஆடுவர். இதே விளையாட்டைச் சிங்கள ஊர்களில் அங்கெலிய என்பர். அரசியல் பிரித்து வைத்த இரு மக்களும் ஒரு தெய்வத்தின் முன்னிலையில் ஒரே விளையாட்டை ஆடி வந்தனர் என்பது மறக்கத் தகாத செய்தி.

யாழ்ப்பாணத்திலும் முன்னர் கண்ணகி வழிபாடு பரந்திருந்தது. கோவலன் கதை அங்கும் படிக்கப்பட்டது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சைவ மறுமலர்ச்சி எழுந்தபோது நிலைமை மாறியது. ஆகம நெறியை வலியுறுத்திய ஆறுமுக நாவலர் (1822–1879), வணிகர் குலத்துப் பெண்ணொருத்தியைத் தெய்வமாகக் கொள்வதை ஏற்கவில்லை. காலப்போக்கில் யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பலவற்றில் இராஜராஜேசுவரி, புவனேசுவரி முதலான பெயர்கள் நிலைபெற்றன. வன்னியில், முல்லைத்தீவுக்கு அண்மையிலுள்ள வற்றாப்பளையிற் கண்ணகி தன் பெயருடனேயே விளங்குகின்றாள். வைகாசி விசாகத்தன்று கடல் நீரில் விளக்கெரிக்கும் பொங்கலைக் காண அங்கு பெருந்திரளானோர் கூடுவர். மட்டக்களப்பிலோ ஓர் ஊரில் மட்டுமன்றி, வாவிக்கரை நெடுகிலும் அவள் பெயர் மாறாது நின்றது. ஆண்டுக்கொருமுறை திறக்கும் கதவும், பிராமணரல்லாத பூசகரும், தமிழிலே பாடும் முறையும் அம்மரபுக்கு அரணாயின.

இம்மரபின் பயன் சமயத்தோடு நின்றுவிடவில்லை. உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையுடன் அச்சிட்டு வெளியிட்டது 1892 ஆம் ஆண்டில். அதே ஆண்டில், கண்ணகி கோயிலுள்ள காரைதீவில் விபுலாநந்த அடிகள் பிறந்தார். காப்பியம் கற்றோர் கைக்கு அச்சில் வருவதற்கு முன்பே, அதன் கதை அவ்வூரில் ஆண்டுதோறும் இராகத்துடன் ஒலித்துக்கொண்டிருந்தது. பிற்காலத்தில் அடிகளார் சிலப்பதிகார அரங்கேற்று காதையின் இசைச் செய்திகளை ஆராய்ந்து, 1947 இல் யாழ்நூலை வெளியிட்டார். வித்துவான் வி. சீ. கந்தையா 1964 இல் மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூலில் இப்பகுதியின் வாழ்வையும் வழிபாட்டையும் எழுதினார். 1968 இற் கண்ணகி வழக்குரையைப் பதிப்பித்தார். சென்னையிற் சினந்த கண்ணகிக்குச் சிலை நாட்டப்பட்ட ஆண்டும் அதுவே. ஒரே ஆண்டில் ஒரு கரையில் அவளது சினம் வெண்கலமாயிற்று. மறு கரையில் அவளது குளிர்ச்சி அச்சேறியது.

அதன்பின் வந்த ஆண்டுகள் மட்டக்களப்புக்குக் கொடியவை. 1978 நவம்பர் 23 ஆம் நாள் வீசிய சூறாவளி வீடுகளையும் தென்னந்தோட்டங்களையும் வீழ்த்தியது. தொடர்ந்து போர் வந்தது. ஊர்கள் இடம்பெயர்ந்தன. கொல்லப்பட்டோர் பலர், அழைத்துச் செல்லப்பட்டுத் திரும்பாதோரும் பலர். 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோர ஊர்களை அழித்தது. இலங்கையில் மிகக் கூடுதலான உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலேயே நிகழ்ந்தது. போர் 2009 இல் முடிந்தபோது, கணவரையும் மக்களையும் இழந்த பெண்கள் இல்லாத ஊர் இப்பகுதியில் இல்லை என்னுமாறு ஆயிற்று.

இக்காலத்தில் அம்மன் கோயில்களின் முன்றில் வேறொரு பணியையுஞ் செய்தது. 1990களில் மட்டக்களப்பிற் கள ஆய்வு நடத்திய அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ், தெய்வம் ஏறி ஆடுவோரிடம் காணாமற்போனோரைப் பற்றி உறவினர் கேட்டு அழுததைப் பதிவு செய்துள்ளார். வெளியே வாய் திறந்து பேச இயலாத துயரத்தை அங்கு தெய்வத்தின் பெயரால் வாய்விட்டுச் சொல்ல முடிந்தது; சொல்வதைக் கேட்பதற்கு ஊரவரும் உடனிருந்தனர். ஆராயாது கணவனைக் கொன்றது ஏனென்று அரச வாயிலிலே நின்று கேட்ட பெண்ணின் கதையை அறிந்த மக்களுக்கு, அத்தகைய கேள்வியின் பாரம் நன்கு விளங்கும். குளிர்ச்சிக் காதையைக் கேட்டு வளர்ந்தவர்கள், துயருற்றவளை ஆறியிரு என்று கூறுவதற்கு முன்னர் அவளது வழக்கைக் கேட்டல் வேண்டுமென்பதையும் அறிவர்.

இன்று கோயில்கள் திருத்தப்பட்டுள்ளன; பல இடங்களில் வண்ணக் கோபுரங்கள் எழுந்துள்ளன; கூட்டமும் பெருகியுள்ளது. எனினும் கவலைக்குரிய ஒன்று உண்டு. வழக்குரையை முழுமையாகப் படிக்க வல்லோர் தொகை குறைந்து வருகின்றது. ஏட்டுப் பிரதிகள் செல்லாலும் ஈரத்தாலும் இடப்பெயர்வாலும் அழிந்தன. சில இடங்களிற் கதை சுருக்கப்பட்டு, முக்கியமான பகுதிகள் மட்டும் படிக்கப்படுகின்றன. ஒலிபெருக்கியில் திரைப்பாடல் மெட்டிலமைந்த பக்திப் பாடல்கள் உரத்து ஒலிக்க, படிப்பவரின் குரல் மண்டபத்துக்குள்ளே ஒடுங்கிப் போகின்றது. இளைஞர் குளிர்த்தி இரவுக்கு மட்டும் வந்து, நீரைத் தலையில் ஏற்றுத் திரும்பிவிடுகின்றனர். வழக்கைக் கேளாமற் குளிர்த்தியில் மட்டும் பங்கு கொண்டால், சடங்கின் ஒரு பாதி கைவிடப்பட்டதாகும்.

இதற்கு மாற்று வழி காண்பது கடினமன்று. நூல் அச்சில் உள்ளது. இராகம் அறிந்த முதியோர் இன்னும் சில ஊர்களில் உளர். அவர்கள் படிப்பதை ஒலிப்பதிவு செய்தல் நலம்; எனினும் பதிவு பேழைக்குள் இருக்கும், இராகமோ தொண்டையில் இருத்தல் வேண்டும். ஆகவே ஒவ்வோர் ஊரிலும் இரண்டு மூன்று சிறுவர் சிறுமியரேனும் முதியவர் அருகே அமர்ந்து ஒரு காதையையாவது முறைப்படி கற்றல் வேண்டும். தமிழ்ப் பாடத்திற் சிலப்பதிகாரத்தைப் படிக்கும் மாணவருக்கு, தம் ஊர்க் கோயிலில் அதே கதை வேறொரு முடிவுடன் வாழ்கின்றது என்பதை ஆசிரியர் எடுத்துக் கூறினால், காப்பியமும் கோயிலும் ஒன்றையொன்று விளக்கும். சடங்கு நாட்களில் வழக்குரை படிக்கும் வேளையில் மட்டும் ஒலிபெருக்கியின் பிற ஓசைகளை நிறுத்தி வைக்க வண்ணக்கர்மார் ஒழுங்கு செய்தால், அதுவே பெருந் தொண்டாகும்.

குளிர்த்தி முடிந்த எட்டாம் நாளிற் பல ஊர்களில் எட்டாஞ் சடங்கு நடைபெறும். அதன்பின் கோயிற் கதவு மீண்டும் அடைக்கப்படும். முன்றிலில் வாடிய வேப்பிலையுங் காய்ந்த கமுகம்பாளையுங் கிடக்கும். வெளியூரிலிருந்து வந்தோர் விடைபெற்றுச் செல்வர். கச்சான் காற்று முன்போலவே வீசிக்கொண்டிருக்கும். மழைக்கு இன்னும் மாதங்கள் பல உண்டு. ஆயினும் ஊரவர் மனத்தில் ஓர் அமைதி இருக்கும். ஒரு பெண்ணின் முறைப்பாட்டைத் தொடக்கம் முதல் முடிவுவரை இருந்து கேட்டோம், கேட்ட பின்னர் அவளைக் குளிர்வித்தோம் என்னும் அமைதி அது. அடுத்த வைகாசியிற் கதவு திறக்கும்போது அக்கதையைப் படிக்க ஒருவரும், அமர்ந்து கேட்க ஊரும் இருக்கும்வரை அம்மரபுக்குக் குறைவில்லை.